பத்து மீட்டர் கம்பி போதும்!

“ஊருக்குத் திரும்பினதும் பார்த்துக்கலாம்.”

இந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேர் பாலைவனத்தில் கிழவர்களானார்கள், தெரியுமா?

மஸ்கட்டில் வேலை. இல்லையென்றால் தோஹா. காலையில் கம்பெனி பஸ், மாலையில் கேம்ப், இரவில் செல்போன். வெள்ளிக்கிழமை வந்தால் துணி துவைத்து, வீட்டுக்குப் போன் போட்டு, அடித்துப்போட்டது போல ஒரு தூக்கம்.

பள்ளிக்கூட வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியவன் நீ! சிற்றலையில் முள்ளைத் திருப்பித் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே எந்த நாட்டுக் குரலையோ பிடித்துவிட்டு வீட்டையே எழுப்பியவன் நீ!

ஹாம் ரேடியோ என்று ஒன்று உண்டு, தேர்வு எழுதி உரிமம் வாங்கினால் சொந்தமாக ஒரு நிலையம் வைத்து உலகத்தோடு பேசலாம் என்று கேள்விப்பட்ட அன்று உனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தப் பையன் எங்கே?

அவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? நானே சொல்லட்டுமா?

இடமில்லை. பணமில்லை. நேரமில்லை. இங்கிலீஷ் வராது. இந்த நாட்டுச் சட்டம் விடாது.

இதில் நான்கு பொய். ஒன்று பாதி உண்மை. பாதி உண்மைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பொய்களை உடைப்போம்.

இடமில்லையா? எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு நாளாவது கணக்குப் போட்டாயா?

143 என்ற எண்ணை எடு. எந்த அலைவரிசையில் பேசப் போகிறாயோ, அதன் மெகாஹெர்ட்ஸால் வகு. வருகிற விடைதான் உன் ஆன்டெனாவின் நீளம், மீட்டரில். 14.2 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர். 28.5 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர். அவ்வளவுதான்!

பத்து மீட்டர் செம்புக் கம்பி. நடுவில் வெட்டு. இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு பி.வி.சி. பைப் துண்டை வைத்துக் கட்டு. கோஆக்ஸ் கேபிளின் உள்கம்பியை ஒரு துண்டிலும் வெளிவலையை மறு துண்டிலும் ஈயம் வைத்துப் பற்றவை. மழையும் உப்புக்காற்றும் புகாமல் டேப் சுற்று. டைபோல் தயார்!

கம்பியை வெட்டும்போது ஒரு சாண் கூட விட்டு வெட்டு. நீளத்தைக் குறைப்பது எளிது, வெட்டியதை ஒட்டுவது தொல்லை. மேலே கட்டியபின், அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார். முள் கீழே இறங்கும் இடம் நீ நினைத்த அலைவரிசைக்குக் கீழே இருக்கிறதா? கம்பி நீளம் என்று பொருள். இரு முனையிலும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் வெட்டு. மறுபடி பார். மறுபடி வெட்டு. முள் ஒன்றரைக்குக் கீழே வந்து நிற்கிற கணத்தில், கோடீஸ்வரன் மாளிகையில் நிற்கிற டைபோலுக்கும் உன்னுடையதற்கும் வித்தியாசம் உயரம் மட்டும்தான்.

மொட்டைமாடி கிடைக்காதா? சாய்த்துக் கட்டு. நேராகக் கட்ட வழியில்லையா? தலைகீழ் ‘வி’ போல மடித்துக் கட்டு. பால்கனி மட்டும்தானா? ஒரு மீட்டர் விட்டத்தில் செம்புக் குழாயை வளைத்து லூப் ஆன்டெனா செய்கிறார்கள், அதைச் செய்!

பெரிய டவர், கிலோவாட் பெருக்கி என்று பெருமையடிக்கிற ஹாம்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. காசு பேசுகிறது அங்கே. 5 வாட்டில், ஒரு சின்ன பல்பு எரிகிற அளவு மின்சாரத்தில், கண்டம் தாண்டுகிறானே ஒருவன், அவன் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது.

மஸ்கட்டுக்கும் சென்னைக்கும் நடுவே சுமார் 2,500 கிலோமீட்டர். பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் காத்திருக்கிறது. உன் அலை போய் அதில் பட்டு ஒரே தாவலில் வங்கக் கரையில் இறங்கும். அந்த மண்டலம் உன் சம்பளச் சீட்டைக் கேட்கிறதா? உன் ரூமில் எத்தனை கட்டில் என்று கேட்கிறதா?

உனக்கு மிச்சம் மீதிதான் கிடைத்தது என்று புலம்புகிறாயே, ஹாம்களின் சரித்திரத்தைப் படித்திருக்கிறாயா?

1912. டைட்டானிக் மூழ்கிய ஆண்டு. அமெரிக்கா வானொலிக்கு ஒரு சட்டம் போட்டது. நல்ல அலைநீளங்கள் கடற்படைக்கும் கம்பெனிகளுக்கும். அமெச்சூர்களுக்கு? 200 மீட்டரும் அதற்குக் கீழும்!

ஏன் தெரியுமா? அந்தக் குட்டி அலைகள் தூரம் போகாது, ஒன்றுக்கும் உதவாது என்று அன்றைய நிபுணர்கள் நம்பினார்கள். எடுத்துக்கொண்டு ஒழியட்டும் என்று தூக்கிப் போட்டார்கள்.

பையன்கள் என்ன செய்தார்கள்? மனு எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்களா? கொடுத்ததை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள்!

1923 நவம்பர். பிரான்சின் நீஸ் நகரில் லியோன் டெலாய். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஃபிரெட் ஷ்னெலும் ஜான் ரைனார்ட்ஸும். சுமார் 110 மீட்டர் அலையில், இரு கரையிலிருந்தும் அமெச்சூர்கள் முதன்முறையாக ஒருவருக்கொருவர் பதில் கொடுத்துக்கொண்டார்கள். ‘உதவாத’ அலை கடலைத் தாண்டிவிட்டது!

அதோடு நின்றதா? அடுத்த ஆண்டு நடந்ததைக் கேள்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் ஷாக் பள்ளத்தாக்கு. ஆட்டுப் பண்ணை. ஃபிராங்க் பெல் என்ற இளைஞர். முதல் உலகப் போருக்குப் போய் உடல் நலிந்து திருப்பி அனுப்பப்பட்டவர். என்ன இருந்தது அவர் கையில்? போரில் நலிந்த உடம்பு, நிறைய ஆடுகள், சொந்தமாகக் கட்டிய ஒரு நிலையம்.

உலகத்தின் மறுகோடியில், லண்டன் மில் ஹில் பள்ளிக்கூடத்தில் செசில் கோய்டர். வயது 18. பள்ளி மாணவன்!

1924 அக்டோபர் 18. பெல் தட்டிய மோர்ஸ் கோய்டர் காதில் விழுந்தது. கோய்டர் பதில் தட்டினான். பூமியில் அதற்குமேல் தூரம் போக ஏறக்குறைய இடமே இல்லை!

போரில் நலிந்து திரும்பிய ஒருவரும் ஒரு பள்ளிக்கூடப் பையனும் நிபுணர்கள் கழித்துப்போட்ட அலையில் உலகத்தைச் சுற்றிவிட்டார்கள். இரண்டு கையும் இரண்டு காலும் திடமாக உள்ள நீ, ரூம்மேட் குறட்டை விடுகிறான் என்று காரணம் சொல்கிறாய்.

தங்கையே, நீயும் கேள். பெல்லின் நிலையத்தைப் பிறகு எடுத்து நடத்தியவர் அவர் அக்கா பிரெண்டா. நியூசிலாந்தின் முதல் பெண் அமெச்சூர்! “இதெல்லாம் ஆம்பளைங்க விஷயம்” என்று யாராவது உன்னிடம் சொன்னால், நூறு வருஷம் பிந்தி வந்திருக்கிறாய் என்று சொல்லி அனுப்பு.

அடுத்தது பணம்.

ஐதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் என்றொரு ஹாம். அனுப்பவும் கேட்கவும் உதவும் வெளிநாட்டு டிரான்ஸீவர்கள் இந்திய ஹாம்களுக்கு எட்டாக்கனியாக இருந்ததைப் பார்த்தார். சாதாரணக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே ஒரு மின்சுற்று வரைந்தார். பிட்எக்ஸ் என்று பெயர். 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 வாட்.

சுருள் சுற்ற டோராய்டு வளையம் கிடைக்கவில்லையா? தண்ணீர்க் குழாயில் போடுகிற வாஷரில் சுற்றினார்! ஆமாம், சமையலறைக் குழாய் சொட்டும்போது பிளம்பர் மாற்றுகிறாரே, அதே வாஷர். உலகம் முழுக்க எத்தனையோ ஹாம்கள் அந்த வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு தங்கள் கையால் செட் கட்டினார்கள்.

அவருக்கு டோராய்டு இல்லை. உனக்கு எது இல்லை? உன் கையில் இருக்கும் செல்போனின் விலை என்ன? போன வருஷம் வாங்கியதை இந்த வருஷம் ஏன் மாற்றினாய்?

மாதம் பத்து ரியால் தனியாக எடுத்து வை. ஒரு வருஷத்தில் என்ன சேர்கிறது பார். பழைய செட்டுகளை ஹாம்களே ஹாம்களுக்கு விற்கிறார்கள். ஊருக்குத் திரும்புகிறவன் சுமையைக் குறைக்கப் பார்ப்பான். அங்கே போய் நில்!

நேரமா? டூட்டி முடிய இரவு ஒன்பதாகிறதா? நல்லது! இருட்டியபிறகுதான் 7 மெகாஹெர்ட்ஸ் தூரம் எட்டத் தொடங்குகிறது. நைட் ஷிஃப்டா? பகலில் 21 மெகாஹெர்ட்ஸ் திறந்து கிடக்கும். உன் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி வானம் வேலை செய்கிறது. நீதான் லீவில் இருக்கிறாய்.

சரி, இங்கிலீஷ்.

உன் பயம் மொழியைப் பற்றியதே அல்ல. மைக்கைப் பற்றியது. ஒத்துக்கொள்!

பொத்தானை அழுத்துகிறாய். தொண்டை அடைக்கிறது. “சி.க்யூ, சி.க்யூ, திஸ் இஸ் ஆல்ஃபா ஃபோர் ஃபைவ்...” உள்ளங்கை வியர்க்கிறது. பொத்தானை விடுகிறாய். இரைச்சல். யாருமில்லை. மறுபடி கூப்பிடுகிறாய். இரைச்சல். காதெல்லாம் நெஞ்சடிப்பு. மூன்றாம் முறை கூப்பிடும்போது, ஆழத்திலிருந்து மெல்லிசாக ஒரு குரல் உன் கால்சைனை, உன் நிலையத்தின் அடையாளப் பெயரை, திருப்பிச் சொல்கிறது. பாதி எழுத்துத் தப்பாக!

அப்போது என்ன இங்கிலீஷ் வேண்டும்? உன் கால்சைன், அவர் சிக்னல் எப்படி என்பதற்கு இரண்டு எண், உன் பெயர், உன் ஊர். “யூ ஆர் ஃபைவ் நைன். நேம் முருகன். லொக்கேஷன் மஸ்கட்.” முடிந்தது! அந்தப் பக்கம் இருக்கும் ஜப்பான்காரர் உன்னைவிடத் தடுமாறிக்கொண்டிருப்பார். ரஷ்யாக்காரரும் அப்படித்தான். இங்கே எல்லோரும் உடைந்த இங்கிலீஷ்தான். யாரும் சிரிப்பதில்லை.

மோர்ஸ் பழகினால் அந்த இங்கிலீஷும் வேண்டாம். ஊர்ப் பக்கம் 7 மெகாஹெர்ட்ஸில் நம்மவர்கள் தமிழிலேயே அளவளாவுவதையும் கேட்கலாம்.

வாயே திறக்க வரவில்லையா? அதற்கும் வழி உண்டு. பல்சார் ஆய்வுக்காக 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜோ டெய்லர் ஒரு ஹாம். அவரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் எஃப்டி8 என்ற முறையைக் கொடுத்தார்கள். கணினி 15 விநாடி அனுப்பும், 15 விநாடி கேட்கும். காதுக்கே எட்டாமல் இரைச்சலில் புதைந்த சிக்னலையும் தோண்டி எடுக்கும். மோசமான பால்கனி ஆன்டெனாவுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் தம்பி, அதிலேயே ஒளிந்துகொள்ளாதே. ஒரு நாள் மைக்கை எடு!

தோல்வி வருமா? வராமல் இருக்குமா!

கம்பி அறுந்து விழும். சூரியன் கொந்தளித்தால் நாள் கணக்கில் அலைவரிசை செத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டு டி.வி.யில் கோடு விழுந்து அவர் கதவைத் தட்டுவார். தட்டினால் திற. மன்னிப்புக் கேள், ஃபெரைட் வளையம் மாட்டிக் கொடு, ஒரு டீ போட்டுக் கொடு.

சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்தில் பயிற்சி பெற்றவர். திரும்பும்போது பெட்டியில் வானொலிப் பாகங்களைக் கொண்டுவந்து, இங்கே தன் கையால் பூட்டினார். 1924 மே 16-இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பிறந்தது. ஜூலை 31-இல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பு தொடங்கியது. பம்பாயில் ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையம் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே!

பிறகு? 1927-இல் பணமில்லாமல் நின்றுபோனது.

தோல்விதானே? எழுதிக்கொள், தோல்விதான். ஆனால் கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி அதே வேலையை எடுத்து நடத்தியது. மெரினாவில் ஒலிபெருக்கியைச் சுற்றி ஊரே உட்கார்ந்து கேட்டது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரின் பெட்டியில் வந்த சாமானில் தொடங்கியது அது! உன் பெட்டியில் என்ன கொண்டுபோகிறாய்? டைகர் பாமும் நிடோ டின்னுமா?

இப்போது அந்தப் பாதி உண்மை.

சட்டம். ஆமாம், சட்டம் கடுமைதான். உரிமம் இல்லாமல் பொத்தானைத் தொடாதே! வளைகுடாவில் அனுமதியில்லாத டிரான்ஸ்மிட்டர் விளையாட்டல்ல. வேலை போகும், வீசா போகும், அதற்கு மேலும் போகும். மீறிக் காட்டு என்று நான் சொல்லமாட்டேன். அது வீரமல்ல, சோம்பேறித்தனம். படிக்கச் சலித்தவன்தான் குறுக்கு வழி தேடுவான்.

ஆனால் “சட்டம் விடாது” என்கிறாயே, கேட்டுப் பார்த்தாயா? ஒரு விண்ணப்பமாவது போட்டாயா? போடாத விண்ணப்பத்தை எந்த அதிகாரி நிராகரித்தார்?

ஓமானில் ராயல் ஓமான் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி 1972-லிருந்து இருக்கிறது. அந்நாட்டை ஆண்டு மறைந்த சுல்தான் காபூஸே ஒரு ஹாமாக இருந்தவர்! ஏ41ஏஏ அவருடைய கால்சைனாக இருந்தது. அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஏ45 என்று தொடங்கும் கால்சைனோடு ஒலித்திருக்கிறார்கள். மறைந்த ஜோர்டான் மன்னர் ஹுசைனின் கால்சைன் ஜேஒய்1. அலைவரிசையில் ‘ஹுசைன்’ என்று பெயரைச் சொல்லி யாரோடும் பேசியவர். கத்தாரில் ஹாம் சங்கம் உண்டு. எமிரேட்ஸிலும் உண்டு. நாட்டுக்கு நாடு விதி வேறு. ஒரு நாடு உன் சொந்த நாட்டு உரிமத்தைக் கேட்கும். ஒன்று சங்க உறுப்பினராகு என்னும். ஒன்று என் தேர்வை எழுது என்னும். எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் கேள், பிறகு செட் வாங்கு. இந்த வரிசையை மாற்றாதே!

எங்கே போனாலும் ஊர் உரிமம் கையில் இருந்தால் பேச்சு சுலபம். இந்தியாவில் 12 வயது நிரம்பியவர் யாரும் எழுதலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு உரிமம் தருகிறது. சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பம். ரெஸ்ட்ரிக்டெட் தரத்துக்கு மோர்ஸ் வேண்டாம். ஜெனரல் தரத்துக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் வேண்டும். கேள்வி எதிலிருந்து? ஓம் விதி, மின்தேக்கி, ஆன்டெனா, அலை பரவும் விதம், விதிமுறைகள். பள்ளி இயற்பியலிலிருந்து கொஞ்ச தூரம். பன்னிரண்டு வயதுப் பையன் பாஸ் செய்கிற தேர்வு உன்னை மிரட்டுகிறதா?

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு. அதில் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வம் கோயில். சரி, போ. எல்லாவற்றுக்கும் போ. ஒரு நாளைத் தேர்வுக்கு என்று ஒதுக்கு! லீவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கம்பெனி பஸ்ஸில் படி. ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குகிறாயே, அந்த நேரத்தில் படி!

அதுவரை? கேள்! காதுக்குத்தான் யாரும் தடை போடவில்லையே. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ரிசீவரை உன் செல்போன் உலாவியிலேயே திருப்பலாம். 2018 நவம்பர் 15-இல் ஏவிய கத்தார் செயற்கைக்கோள் எஸ்ஹைல்-2-இல் ஹாம்களுக்கென்றே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருக்கின்றன. பூமியோடு சேர்ந்தே சுற்றும் செயற்கைக்கோள் ஒன்றில் ஹாம்களுக்குக் கிடைத்த முதல் இடம். பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை வீச்சு. உன் கேம்பும் அதற்குள், உன் கிராமமும் அதற்குள்! இங்கிலாந்தின் கூன்ஹில்லி பூமி நிலையத்து ரிசீவர் வழியாக அதையும் இலவசமாகக் கேட்கலாம். கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்கலாம். என்ன பேசுகிறார்கள், எப்படி முறை மாற்றிக்கொள்கிறார்கள் என்று காது பழகட்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பேச இது போன் அல்ல. அதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது. வியாபாரம் பேசக்கூடாது, ஆபத்துக் காலம் தவிர மற்றவர் செய்தியைக் கடத்தக் கூடாது என்று விதிகள் உண்டு.

பிறகு எதற்கு இந்தப் பாடு என்கிறாயா?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து ஒலிப்பது ஹாம்களுக்கு அரிய விஷயம், அதற்காகப் போனவர். 26-ஆம் தேதி கடல் எழுந்தது. டெலிபோன் செத்தது. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன செட்டுதான் தீவுக்கும் நாட்டுக்கும் நடுவே செய்தி கடத்தியது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று வீடுகளுக்குச் சொன்னது. சுனாமி வந்தபின் சோல்டரிங் கற்க முடியுமா?

இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டில் உன் வீசா கஃபீல் கையில். உன் ரூம் கம்பெனி கொடுத்தது. உன் அடையாள அட்டை எண்ணை யாரோ ஒரு கணினி போட்டது. கால்சைன் மட்டும் நீ தேர்வு எழுதி வாங்கியது. உலகத்தில் வேறொருவருக்கும் அது கிடையாது.

வேலை முடிந்து வேறு நாடு போனால் அந்த நாட்டுக் கால்சைன் போய்விடுமே என்று தொடங்குகிறாயா, அடுத்த சாக்கை? போகட்டும்! புது நாட்டில் மறுபடி விண்ணப்பம் போடு. கம்பியைச் சுருட்டு, செட்டைச் சட்டைகளுக்கு நடுவே வை, உரிமத்தையும் அதற்குரிய அனுமதித் தாளையும் மேல் ஜிப்பில் வை. கஸ்டம்ஸில் பெட்டியைத் திறந்து, “என்னப்பா இது?” என்பார் அதிகாரி. தாளை எடுத்து மேஜைமேல் போடு. கைகட்டி நிற்காதே. “என் ரேடியோ நிலையம் சார்” என்று சொல்!